தூசி அப்பாவுவும் ஒரு மச்சமும்

பட்டாபிராமில் மிலிட்டரி சரக்கு ரயில் நிற்கிற சைடிங்குக்குப் போகிற ரோட்டில், ஒரு பக்கம் மாவு மில், இன்னொரு பக்கம் சிமென்ட் கடை. நடுவில் கொண்டுபோய் போட்டோ ஸ்டூடியோ வைத்தவன் அப்பாவு. புத்தியுள்ளவள் எவளும் அந்த இடத்தில் ஈரத் துணியைக்கூடக் காயப்போட மாட்டாள். மில்லில் மிளகாய் அரைத்தால் தெருவே தும்மும். கோதுமை அரைத்தால் போகிற வருகிற இளவட்டமெல்லாம் நரைத்துப் போகும். மிச்சத்தை மிலிட்டரி லாரிகள் பார்த்துக்கொள்ளும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் கடை திறந்தான். பலகையில் பெண்டாட்டி பெயரைப் போட்டு ‘பூங்காவனம் ஸ்டூடியோ’ என்று எழுதினான். அந்தத் தெருவில் பூங்காவனம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தப் பலகை மட்டும்தான்.

அவன் அப்பன் செம்பரம்பாக்கத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இடுப்பு வரைக்கும் சேற்றில் நின்ற வம்சம். இவனுக்கு மட்டும் தூசி என்றால் பங்காளிப் பகை. அதற்குக் காரணம் உண்டு. பெரம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது, இவன் பிலிம் மாட்டிக் கொடுத்த கேமராவில் ஒரு கல்யாணம் எடுத்தார்கள். தாலி கட்டுகிற போட்டோவில் மாப்பிள்ளை மூக்கு நுனியில் கறுப்பாக ஒன்று. பார்த்தவர்கள் எல்லாரும் ஈ என்றார்கள். பெண் வீட்டுக்காரர் ஒருத்தர் போட்டோவைக் கையால் விசிறிக்கூடப் பார்த்தார். முதலாளி அத்தனை பேர் எதிரில் அப்பாவு கன்னத்தில் ஒன்று விட்டார். கன்னம் ஆறிவிட்டது, தூசி மட்டும் மனசில் தங்கிவிட்டது.

போட்டோவில் தூசி இரண்டு விதமாகக் குடியேறும் என்பான் அப்பாவு. எடுத்து முடித்த பிலிமின் மேல் தூசி ஒட்டியிருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். அது சாது. பிரஷ்ஷில் மை தொட்டு மூடிவிடலாம். கேமராவுக்குள்ளேயே தூசி புகுந்து, எடுக்கும்போது பிலிமை மறைத்துவிட்டால் கறுப்புப் புள்ளி. அது ரவுடி. பிளேடு நுனியால் சுரண்டத்தான் வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மூக்கோடு போய்விடும்.

அதனால் கேமராவுக்குள் தூசி போகாமல் காப்பதே அவனுக்குப் பிழைப்பு, மற்ற நேரத்தில்தான் போட்டோ எடுத்தான். பச்சைக் குழந்தைக்கு எனிமா கொடுக்கிற ரப்பர் குடுவை ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்தான். காலையில் எழுந்ததும் கேமராவின் பின்மூடியைத் திறந்து, அந்தக் குடுவையை அமுக்கி அமுக்கிக் காற்றடிப்பான். வாயால் ஊதக்கூடாதாம், எச்சில் தெறிக்குமாம். அப்புறம் அணில் வால் மாதிரி ஒரு பிரஷ். அப்புறம் பழைய மல்வேட்டியில் சுற்றி, தகர டப்பாவில் போட்டு, மூடி மேல் கல்லும் வைப்பான்.

"எம் புள்ளைங்களுக்குச் சளி புடிச்சப்போ ஒரு நாளு மூக்கைத் தொடச்சி உட்டிருப்பியாய்யா நீ? அதுக்கு மட்டும் எனிமா குடுத்துகினு கீற" என்பாள் பூங்காவனம்.

"புள்ள மூக்கு ஒழுவுனா புள்ளைக்குத்தான் கஷ்டம். இது ஒழுவுனா ஊருக்கே கஷ்டம்" என்பான் இவன்.

ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, காலையும் கழுவ வேண்டும். தலையை உதறக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய அக்கிரமம், அவன் ஸ்டூடியோவில் பவுடர் கிடையாது. ஊரில் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் இருக்கும். இங்கே கண்ணாடியும் சீப்பும் மட்டும்தான். பவுடர் பூசாமல் போட்டோ எடுத்தால் அது போட்டோவா, போலீஸ் ஸ்டேஷனா? ஜனங்கள் முகத்தில் பூசிக்கொண்டே வந்தார்கள். அப்பாவு வாசலில் துண்டோடு நின்று ஒற்றி எடுத்தே உள்ளே விட்டான். வெள்ளிக்கிழமை பூங்காவனம் சாம்பிராணித் தட்டோடு வந்தால் ஸ்டூடியோ வாசலில் கையை விரித்துக்கொண்டு மறிப்பான். அம்மன் படத்துக்கே அவன் கடையில் புகை கிடையாது, வெறும் பூதான்.

ஊர் அவனுக்குத் தூசி அப்பாவு என்று பேர் வைத்தது. கிண்டலுக்கு வைத்ததுதான். ஆனால் ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பெண்பிள்ளைக்கு வரன் பார்க்கிறவர்கள் தேடிவந்தார்கள். "தூசி அப்பாவு எடுத்தா மூஞ்சி கழுவி வெச்ச மாதிரி கீதும்மா" என்று பேச்சு. அந்தப் பேரைப் பொன்னாடை மாதிரிப் போர்த்திக்கொண்டு திரிந்தான் மனுஷன்.

எண்பத்தாறில் பக்கத்து ஊர் சேக்காட்டுத் தங்கவேல் தன் ஒரே மகள் நாகவல்லியைக் கூட்டிக்கொண்டு வந்தான். தங்கவேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பாக்டரியில் வேலை பார்க்கிறவன், அப்பாவுவுக்குப் பழைய சிநேகிதன். பெண்ணுக்கு வரன் பார்க்க இடுப்பு வரைக்கும் ஒரு போட்டோ. அப்பாவு அவளை உட்காரவைத்து, தோளில் ஒட்டிய பவுடரைத் தட்டிவிட்டு, எடுத்தான். பிலிமைக் கழுவி பிரின்ட் போட்டால், வலது கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

அப்பாவு பிரின்ட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். அழகாக, வட்டமாக, கடுகு மாதிரி இருந்தது.

"மச்சம்" என்றான்.

"நாகவல்லிக்கு ஏதுய்யா மச்சம்?" என்றாள் பூங்காவனம்.

"நீ கண்டியா?"

"அது பாவாடை கட்டுன நாள்லருந்து பாத்துகினு கீறேன்."

"நீ கண்ணால பாத்த. நான் கேமராவால பாக்குறேன். எங் கேமராவுல தூசி கெடையாது. அப்போ மூஞ்சியிலதான் இருக்கணும். போ, போய் சோத்தை வடி."

நாகவல்லியை அவனும்தான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறான். ஆனால் அப்பாவு மனுஷர் முகத்தை என்றைக்குப் பார்த்தான்? எவர் வந்தாலும் தோளில் பொடி இருக்கிறதா, காலில் மண் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். பிளேடைத் தொடாமல் போட்டோவை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டான்.

தங்கவேல் வீட்டிலாவது கேட்டிருக்கலாம். நாகவல்லியின் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, கண்ணு படக்கூடாதுன்னு அப்பாவு அண்ணன் திருஷ்டிப் பொட்டு வெச்சி உட்டிருக்காரு" என்று கண்கலங்கித் தரகர் கையில் கொடுத்தனுப்பினாள்.

போட்டோ பூந்தமல்லியில் வேம்புலியம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. வேம்புலியம்மாளுக்குப் புருஷன் உண்டு, ஆனால் அவள் பக்கத்தில் நின்றால் தெரியாது. ஒரே மகன் சண்முகசுந்தரம் லேத்து ஓட்டுகிறவன். அவனுக்கு வந்த போட்டோக்களை எல்லாம், மூக்கு கொஞ்சம் மொக்கை, காது கொஞ்சம் பெரிசு என்று திருப்பிவிட்டவள், நாகவல்லி போட்டோவைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலது கன்னத்தில் மச்சம் இருக்கிற மருமகள் வந்தால் மாமியார் உட்கார்ந்த இடத்தில் ராஜபோகம் அனுபவிப்பாள் என்று குறி சொல்கிறவள் ஒருத்தி அவளிடம் சொல்லியிருந்தாளாம். புருஷனுக்கு என்ன, பிள்ளைக்கு என்ன என்று அவள் கேட்கவில்லை. மாமியாருக்கு ராஜபோகம், அது போதும். பூந்தமல்லியில் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரிடமும் மச்சத்தைச் சொல்லி முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தாள்.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்தது. வேம்புலியம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். நாகவல்லியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். விரலில் எச்சில் தொட்டுக் கன்னத்தைத் தேய்த்துக்கூடப் பார்த்தாள்.

"மச்சம் எங்கடி?"

"இன்னா மச்சம்?" என்றாள் நாகவல்லி.

வேம்புலியம்மாள் போட்டோவை எடுத்து நடுக்கூடத்தில் வீசினாள். "இது வேற பொண்ணு! எவளோ ஒருத்தி போட்டோவைக் காட்டி எம் புள்ள தலையில இதக் கட்டப் பாக்குறீங்க. இல்லன்னா சுண்ணாம்பு வெச்சி மச்சத்தைச் சுட்டுட்டீங்க. எதுன்னு சொல்லுங்க, எந்திரிச்சிப் போறேன்."

அவள் புருஷன் ஒரு பஜ்ஜியை அவசரமாக விழுங்கினார். எழுந்திருக்கச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

வாசலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. போட்டோவில் ஒருத்தியைக் காட்டி நேரில் ஒருத்தியைக் கட்டுகிற வீடு என்று ஒரு தரம் பேர் விழுந்தால், அப்புறம் நாகவல்லியைக் கேட்டு எவன் வருவான்? தங்கவேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டாபிராமுக்குப் பறந்து, அப்பாவுவைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். பூங்காவனம் கூப்பிடாமலே நடந்து வந்து சேர்ந்தாள்.

"மச்சான், நீயே சொல்லு. அது தூசிதானே?" என்றான் தங்கவேல்.

அப்பாவு போட்டோவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பாதிப் பேர் அவனிடம் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். "எங் கேமராவுல தூசி கெடையாது" என்றான். வாய் பழகின வார்த்தை, தானாக வந்துவிட்டது.

"கேட்டுக்கினீங்களா?" என்று கை தட்டினாள் வேம்புலியம்மாள்.

தங்கவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நாகவல்லி உட்காரவில்லை. நேராக அப்பாவு முன்னால் வந்து நின்று கன்னத்தைக் காட்டினாள். "உங்க கேமராவுல தூசி இல்லன்னா எம் மூஞ்சியில மச்சம் இருக்கணும் மாமா. எங்க கீது? நீங்களே கைவெச்சிக் காட்டுங்க. காட்டிட்டு அந்தம்மாவை அனுப்பி வெச்சிடுங்க."

அப்பாவு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு மனுஷர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. வழித்துவைத்த சந்தனம் மாதிரி இருந்தது. இதைக் காட்டித்தானே அந்தப் பெண் தலைநிமிர்ந்து நிற்கிறது, இதை நான் கறுப்பாக்கிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டான்.

"தூசிதாம்மா" என்றான். கூட்டத்துப் பக்கம் திரும்பி, வாசல் வரைக்கும் கேட்கும்படி, "எங் கேமராவுலதான் தூசி கீது" என்றான்.

இது நியாயமாக அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வேம்புலியம்மாள் சிரித்தாள். "யாருகிட்ட கதை உடுற? பூந்தமல்லி வரைக்கும் தெரியும் உன் சமாச்சாரம். தூசி அப்பாவு கேமராவுல தூசியே இருக்காதுன்னு தரகன் சொல்லித்தான் போட்டோவையே நம்புனேன். சிநேகிதனுக்காகப் பொய் சொல்ற."

"சத்தியமா சொல்றேன்மா."

"சத்தியம் உங்கிட்டயே இருக்கட்டும். என்னை ஒரு போட்டோ எடு, இப்பவே. எம் மூஞ்சியில மச்சம் இல்ல. போட்டோவுல மச்சம் உழுந்துச்சின்னா நம்புறேன். உழலன்னா நான் ஊட்டுக்குப் போறேன், போற வழியெல்லாம் சொல்லிகினே போவேன்."

எல்லாரும் பட்டாபிராமுக்குக் கிளம்பினார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் ஸ்டூடியோ வாசலில் வரிசையாகக் கால் கழுவியது. அந்தப் பழக்கத்தை அப்பாவு அப்போதும் விடவில்லை. அப்பாவுவின் புத்தி அப்படி. வேம்புலியம்மாளை உட்காரவைத்து எடுத்தான், இருட்டறைக்குள் போய்க் கழுவினான். வெளியே எல்லாரும் கலர் சோடா குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் ஈரப் பிரின்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

படம் பளிங்கு. வேம்புலியம்மாளின் கன்னத்தில் மச்சம் இல்லை, பரு இல்லை, அவளுக்கு நிஜமாகவே இருந்த அம்மைத் தழும்புகூடப் பாதிதான் தெரிந்தது. அப்படி ஒரு சுத்தம். இத்தனை வருஷத்தில் அவன் எடுத்ததிலேயே சுத்தமான படம் அதுதான்.

"நல்லாத்தான் எடுத்திருக்க" என்றாள் வேம்புலியம்மாள், போட்டோவை விட்டுக் கண்ணை எடுக்காமல். அப்புறம் நினைவு வந்து, "பாத்தீங்களா? தூசியாம் தூசி!" என்று எழுந்தாள்.

"இன்னொண்ணு!" என்று கத்தினான் அப்பாவு. "ஒரு படத்துல உழாது. இன்னொண்ணு எடுப்போம். பிலிம் மாத்திட்டு வந்துடறேன்."

இருட்டறைக்குள் ஓடினான். பூங்காவனமும் பின்னாலேயே புகுந்து கதவைச் சாத்தினாள்.

"தூசி வேணும்" என்றான் அப்பாவு. அந்த வார்த்தை அவன் வாயில் வந்ததைக் கேட்டு, ஜுரமா என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் அவள்.

மேஜையைத் தடவினான், சுத்தம். அலமாரி மூலையைத் தடவினான், அதுவும் சுத்தம். திரையை உதறினான், ஒன்றும் விழவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை. மில் மூடிக் கிடந்தது, சிமென்ட் கடை மூடிக் கிடந்தது, ரோட்டில் ஒரு லாரி இல்லை. தெருவே அவனுக்குப் பயந்து பெருக்கி வைத்த மாதிரி இருந்தது.

"பவுடர் இருந்தாலாவது போட்டிருக்கலாம்" என்று முனகினான்.

"வெச்சிருந்தா தானே?" என்றாள் அவள். "இன்னாத்துக்குய்யா ஊரைத் தேடுற? உந் தலையில கீது பாரு பொடுகு, அள்ளி அள்ளிக் கொடுக்கலாம். தெனம் காலையில கேமராவைத் தொறந்து வெச்சிகினு, குனிஞ்சி குனிஞ்சி காத்தடிக்கிற. அப்போ உந் தலை எங்க இருக்கும்? அதுக்கு மேலதானே? மில்லுக்காரனைத் திட்டுன, லாரிக்காரனைத் திட்டுன, சாம்பிராணி காட்டுற என்னைத் திட்டுன. நாகவல்லி மச்சம் உந் தலையிலேருந்து உழுந்துச்சிய்யா!"

அப்பாவுவுக்கு அதைக் கேட்டு அவமானப்பட நேரமில்லை. விளக்கை அணைத்தான். புது பிலிமை மாட்டி, பின்மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, அதன் மேல் தலையைக் குனிந்தான்.

"நல்லா சொறிய்யா" என்றாள் பூங்காவனம். இவனுக்குக் கை கூசியது. அவளே பத்து விரலையும் விட்டுப் பரபரவென்று சொறிந்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தலையில் ஒரு குத்து விட வேண்டும் என்று இருந்தவள், சந்தர்ப்பத்தை வீணாக்கவில்லை.

வெளியே வந்தபோது அவன் தலை குருவிக்கூடு மாதிரி இருந்தது. வேம்புலியம்மாளை மறுபடி உட்காரவைத்து எடுத்தான். கழுவினான். பிரின்ட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

வேம்புலியம்மாளுக்கு வலது கன்னத்தில் மச்சம் இருந்தது. இடது கன்னத்திலும் இருந்தது. நெற்றியில் ஏழெட்டு, தாடையில் ஒரு கைப்பிடி. இதெல்லாம் பொடுகு. அதோடு அப்பாவு தலைமுடி ஒன்றும் விழுந்து, மேலுதட்டுக்கு மேலே வளைந்து, முறுக்கிவிட்ட மீசையாக நின்றது.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை சண்முகசுந்தரம் எட்டிப் பார்த்தான். "எம்மா, உனுக்கு மீசை சூப்பரா கீதும்மா" என்றான். அவ்வளவுதான். முதலில் நாகவல்லிதான் சிரித்தாள், அப்புறம் தெருவே சிரித்தது. வேம்புலியம்மாள் புருஷன் குடித்த கலர் மூக்கு வழியாக வந்தது.

அந்தச் சிரிப்பிலேயே பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது. "எனக்கு இந்தப் பொண்ணைப் புடிச்சிருக்குதும்மா. மச்சம் இல்லாமயே புடிச்சிருக்குது" என்றான்.

வேம்புலியம்மாள் இரண்டு போட்டோவையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் பொல்லாதவள்தான், ஆனால் சொன்ன வார்த்தையை மாற்றுகிறவள் இல்லை. "சரி. தூசிதான். நம்புறேன்" என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா பூந்தமல்லி முழுக்க மச்சம்னு சொல்லி வெச்சிட்டனேப்பா. அங்க எம் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறது?"

அவளே பதிலும் சொன்னாள். "கல்யாணத்துக்கு நீதான் போட்டோ எடுக்கிற. ஆல்பத்துல எல்லாப் படத்துலயும் மருமவளுக்கு வலது கன்னத்துல மச்சம் இருக்கணும்."

"அது என்னால முடியாதும்மா. இனிமே எங் கேமராவுல ஒரு தூசி…"

"கையால வெய்யி."

அப்பாவு நாகவல்லியைப் பார்த்தான். "வெச்சிடுங்க மாமா, உங்களுக்கு இன்னா போவுது?" என்றாள் அந்தப் பெண்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. அப்பாவு மொட்டை அடித்துக்கொண்டு வந்து போட்டோ எடுத்தான். வேண்டுதல் என்று சொன்னான். பூங்காவனம் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கு மட்டும். ஆல்பம் முழுக்க ஒரு படத்தில் ஒரு புள்ளி இல்லை, எல்லாம் கண்ணாடி மாதிரி. அத்தனை சுத்தமான படங்களையும் மேஜையில் பரப்பிவைத்து, மனுஷன் பிரஷ்ஷில் மையைத் தொட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கடுகு அளவுக்குப் புள்ளி வைத்தான். பந்தியில் சாப்பிடுகிற படத்தில் பெண் முகம் சுண்டைக்காய் அளவுதான். அதிலும் வைக்கச் சொன்னாள் வேம்புலியம்மாள்.

ஆல்பத்தைப் பார்க்கப் பூந்தமல்லியில் ஜனம் வந்தது. மச்சத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது. காப்பி கொண்டுவந்த நாகவல்லியின் கன்னத்தை ஒருத்தி உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நேர்ல ஒண்ணையும் காணமே?" என்று கேட்டேவிட்டாள்.

வேம்புலியம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மருமகள் கொடுத்த காப்பியை ஆற்றிக் குடித்தாள்.

"நெசமான ராசி மச்சம் கண்ணுக்குத் தெரியாதுடி. போட்டோவுலதான் உழும்" என்றாள்.